கேளுங்கள், சொல்கிறேன்: ரேணுகாவுக்கு ஒரு பதிவேடு

கேள்வி: காலப் பயணம் செய்யும் ரேணுகா என்ற பெண்ணை வைத்துத் தொடர்ந்து கதை எழுதுகிறேன். கூட வருபவர்கள் இரண்டு பேர்: 1985-ல் ஏறிய எங்கள் ஊர்க் கைலித் தறிக்காரர், 1806 வேலூர்க் கோட்டைச் சிப்பாய். யார் எப்போது எங்கே போனார்கள் என்று எனக்கே குழம்புகிறது. எப்படிக் குறித்து வைப்பது? கதைகளை இணைத்துள்ளேன்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: சார்பதிவாளர் அலுவலகத்தில் காலம் தள்ளியவன் நான். பத்திரத்தில் எழுதிக்கொடுத்த தேதி வேறு, பதிவான தேதி வேறு. ரேணுகாவுக்கும் அப்படித்தான்: கதை வந்த வரிசை ஒன்று, அவள் வாழ்ந்த வரிசை இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். பிபிசி 1963-ல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்ற காலப் பயணத் தொலைக்காட்சித் தொடரில் ரிவர் சாங் என்று ஒருத்தி வருவாள். 2008-ல் நாம் அவளை முதலில் பார்க்கும் கதையிலேயே செத்துப்போகிறாள்! தொடரின் நாயகரான டாக்டரை அவள் வரிசை மாறித்தான் சந்திப்பாள்; அதனால் பார்த்ததும் நீல அட்டை நாட்குறிப்பைப் பிரித்து, ‘அது ஆச்சா, இது ஆச்சா’ என்று சரிபார்ப்பதுதான் அவளுக்கு முதல் வேலை.

ஆனால் உங்களை மாட்டிவிடப்போவது ரேணுகா இல்லை, கூட வருகிறவர்கள். சிப்பாயை 1806 ஜூலை 10 விடிகிற நேரத்தில் ஏற்றிக்கொள்கிறீர்கள். அப்போது அவனுக்கு என்ன தெரியும்? தோல் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறியும் தாடியும் கூடாதென்ற உத்தரவு, இரவில் மூண்ட சண்டை, திப்புவின் கொடி ஏறியது. ஜெயித்துவிட்டோம் என்றே நம்புவான். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கியது அவன் கிளம்பிய பிறகு. உங்கள் நான்காம் கதையிலோ, ரயிலில் உட்கார்ந்து செத்த தோழர்களை நினைத்து அழுகிறான். அவனுக்கு யார் சொன்னது?

அதனால் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு கதை முடிவிலும் ‘இதுவரை தெரிந்தது’ என்று எழுதுங்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டதைப் பள்ளிக்கூடத்தில் படித்த தறிக்காரர், பக்கத்தில் இருக்கும் சிப்பாயிடம் அதைச் சொல்வாரா, மறைப்பாரா? நான் ஆசிரியராக இருந்தால் ரேணுகாவை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அந்தக் கதையைத்தான் முதலில் கேட்பேன். தறிக்காரர் ‘வேலூர் மாவட்டம்’ என்று பேசுவதையும் திருத்துங்கள். 1989-ல் பிரிக்கும்வரை அது வட ஆற்காடு மாவட்டம்.

ரயிலும் 1850-ல் காட்பாடியில் நிற்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலே 1856 ஜூலை 1-ல்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வந்தது. தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் எக்செல்லில் போடலாமா?
- அதே வாசகி

பதில்: தாராளமாக. ஒன்று மட்டும்: 1900-க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் சிப்பாய் எங்கேயோ போய் நிற்பான். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் எண்ணாகப் போடுங்கள்.