மரத்தை நேசிக்கிறவர் ரம்பம் பிடிக்கலாமா?

மரம், காடு என்றால் உங்களுக்கு உயிர். மரப் பராமரிப்பு வல்லுநராகலாமா, அது வெட்டுகிற வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆகலாம். நேசம் இல்லாதவர் கையில் ரம்பம் இருந்தால் மரம்தான் கெடும்.

மரத்தின் காயம் நம் காயம்போல ஆறுவதில்லை. கெட்ட திசுவை அது புதுப்பிக்காது. சுற்றிலும் தடுப்பு எழுப்பி அழுகலை அடைத்துவிட்டு, வெளியே புதிதாக வளரும். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, 1970களில் இதை விளக்கினார். அதுவரை கிளையைத் தண்டோடு ஒட்டச் சீவி, வெட்டுவாயில் பூச்சு தடவுவதுதான் பரவலான வழக்கம். இப்போது கிளையடியில் தடித்திருக்கும் கழுத்தைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்டுகிறார்கள். பூச்சு பொதுவாகத் தேவையில்லை. கனமான கிளையில் முதலில் அடிப்பக்கம் ஒரு சிறு வெட்டு, அப்புறம் சற்றுத் தள்ளி மேலிருந்து முழு வெட்டு, கடைசியில் மிச்சமிருக்கும் அடித்துண்டு. இல்லாவிட்டால் முறிகிற கிளை பட்டையையும் உரித்துக்கொண்டு போய்விடும்.

நல்ல வல்லுநர் மரத்தில் ஏறுமுன் வேரடியைச் சுற்றி வந்து காளான் இருக்கிறதா, மண் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பார். பிழைக்க வேண்டிய மரத்தில் காலில் ஆணிக்கொக்கி மாட்டி, தண்டைக் குத்தி ஏற மாட்டார். பொந்தில் குஞ்சுகள் இருந்தால் வேலை தள்ளிப்போகும். ஆபத்தும் உண்டு: மின்கம்பி, இயந்திர ரம்பம், உயரம்.

விடுமுறையிலும் காட்டுக்குத்தான் போகத் தோன்றும். யாரும் கைவைக்காத மரம் தன் கிளையைத் தானே எப்படி உதிர்க்கிறது என்பதை அங்கேதான் நன்றாகப் பார்க்கலாம். சரி, தொடங்குவதென்றால் ரம்பத்துக்கு முன் கயிற்று முடிச்சுகளையும் மரத்தின் உடற்கூறையும் கற்றுக்கொள்ளுங்கள்.