“ஒன்றுமில்லை” என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 61. பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து வருகிறேன். 1988இல் எடுத்த திருமணப் படங்கள் சிவந்து மங்கிவிட்டன. என் வாழ்க்கையே அப்படி மங்கிப்போனதாகத் தோன்றி மனம் கனக்கிறது. சிறு வயதுப் படங்கள் பலவற்றில் இருப்பவர்கள் யாரென்றே தெரியவில்லை. ஒன்றில், என் தோளில் கைவைத்து ஒரு பெண் நிற்கிறார். பாதி முகம்தான் தெரிகிறது. இத்தகைய படங்களைக் கழித்துவிட ஓர் உறையில் போட்டிருக்கிறேன். 86 வயதான அம்மா, “என்னப்பா பார்க்கிறாய்?” என்றார். பார்வை மங்கியவருக்கு எதற்கு என்று, “ஒன்றுமில்லை” எனச் சொல்லி மூடிவிட்டேன். இந்த வெறுமையிலிருந்து மீள்வது எப்படி?

பதில்: திருமணப் படங்கள் சிவந்ததற்கு உங்கள் வாழ்க்கையைக் குறை சொல்லாதீர்கள். அக்காலத்து வண்ணப் படங்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம், ஆல்பத்தின் இருட்டுக்குள் இருந்தாலும், ஆண்டுகள் போகப்போகச் சிதைந்துவிடும். அதன்பின் சிவப்பே தூக்கலாக நிற்கும். வெள்ளித் துகள்களால் உருவான கறுப்பு வெள்ளைப் படங்கள், வயதில் மூத்தவையாக இருந்தும், பெரும்பாலும் தெளிவாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த “ஒன்றுமில்லை”தான். படங்களில் இருப்பவர்கள் யாரென்று தெரியாமல் வருந்துகிறீர்கள். தெரிந்தவர் அதே வீட்டில், தாமாகவே வந்து கேட்டும், அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். பெற்றவளுக்கு வேளாவேளைக்குச் சோறும் மருந்தும் கொடுத்துவிட்டால் மகனுடைய கடமை தீர்ந்தது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வயதானவர்களிடம் எதையும் கேட்காமல் இருப்பது, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை வீட்டிலிருந்து விலக்கிவைப்பதற்குச் சமம். உங்கள் கடிதத்தைப் போன்ற பல கடிதங்களைப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் அவை, கேட்பதற்கு ஆள் இல்லாமற்போன பிறகு எழுதப்பட்டவை.

பார்வையைக் காரணம் காட்டாதீர்கள். ஸ்கேன் செய்திருக்கிறீர்களே, அது எதற்கு? 600 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் எடுத்திருந்தால், விரல்நகம் அளவுள்ள முகத்தைக் கணினித் திரையில் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கலாம். அப்படியும் தெரியாவிட்டால், படத்தில் இருப்பதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்: இடப்பக்கம் ஒரு மரநாற்காலி, அதன் கையில் துண்டு, பின்னால் பாதி திறந்த கதவு. “இது யார்?” என்று தேர்வு நடத்துவதுபோல் கேட்டால், பெயர் நினைவுக்கு வராதபோது அவர் கூனிக்குறுகிப் போவார். படத்தை யார் எடுத்தார்கள், அன்று என்ன விசேஷம், படத்துக்குள் வராமல் பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று கேளுங்கள்; பெயர்கள் பின்னாலேயே வரும். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள்.

சொன்னவற்றை அன்றைக்கே எழுதுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படமானால், பின்புறத்தின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம்வரை தழும்பிட்டுவிடும். வண்ணப் படங்களின் வழவழப்பான பின்புறத்தில் பென்சில் பிடிக்காது; ஒரு காகித உறையின் மேல் எழுதி உலரவிட்டு, பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

வெறுமையைப் பற்றி இதெல்லாம் முடிந்தபின் எழுதுங்கள், படிக்கிறேன். இன்று மாலை அந்த உறையை அம்மாவிடம் கொண்டுபோய், “அன்றைக்கு ஒன்றுமில்லை என்றது தப்பும்மா” என்று சொல்லி, உங்கள் தோளில் கைவைத்து நிற்கும் பெண்ணின் படத்தை முதலில் எடுங்கள்.