மணல் வெளுக்கிறது, மீன் மெலிகிறது

கேள்வி: 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஐந்து வாரமாக ஒரு டைமண்ட் கோபி வளர்க்கிறேன். நாள் முழுவதும் மணலைச் சலிக்கிறது. மணலும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் மீனின் வயிறு ஒட்டிக்கொண்டே போகிறது. மணலில் உள்ள கழிவைத் தின்றே வாழும், தனியாக இரை வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார். இது என்ன நோய்? (கோவை வாசகர்)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது நோயன்று, பட்டினி. நம் ஊர் உளுவைக்கு உறவான இந்த மீன் வாய் நிறைய மணலை அள்ளி, தாடையை அசைத்துச் சலித்து, செவுள் வழியே புகைபோலக் கொட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அது துப்புரவு வேலை செய்யவில்லை; மணலுக்குள் வாழும் நுண்ணிய இறாலினங்களையும் புழுக்களையும் தேடுகிறது. 120 லிட்டர் தொட்டியின் மணலில் அவை சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். அதன் பிறகும் மீன் சலித்துக்கொண்டேதான் இருக்கும், ஆனால் வாயில் எதுவும் சிக்காது.

‘கிளீனிங் ஃபிஷ்’ என்று சொல்லி இதை விற்பவர்களை நம்பாதீர்கள். மீன் மெலிந்துவிட்டது என்று நீங்கள் திரும்பிப் போனால், மணலுக்கு உயிரூட்டும் பாக்டீரியா என்று ஒரு பாட்டிலையும் அவர்களே விற்பார்கள். பாக்டீரியா இந்த மீனின் வயிற்றை நிரப்பாது. அலங்கார மீன் கடைகளுக்கென மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகள் அதே ஆண்டிலேயே திரும்பப் பெறப்பட்டன. ஒரு மீன் எந்தக் கடலில் பிடிபட்டது, கைக்கு வருமுன் எத்தனை நாள் பட்டினி கிடந்தது என்று எழுதிக் கொடுக்கும் கடையை நான் இதுவரை பார்த்ததில்லை. கேட்க வேண்டியவர்களும் கேட்பதில்லை. ஆகவே வாங்கும்போது, மீனிரையாக விற்கும், உறையவைத்த மைசிஸ் என்னும் சிறு இறாலை உங்கள் கண்ணெதிரே அந்த மீன் தின்ற பிறகே பணம் கொடுங்கள்.

இன்றே தொடங்க வேண்டியது இதுதான். மைசிஸ் இறாலைத் தொட்டி நீரிலேயே கரைய விட்டு, மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, நீண்ட குழாயால் மீனின் வளை வாசலருகே மணல்மேல் மெல்ல விடுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுப்பது, ஒரே வேளையில் கொட்டுவதைவிட நல்லது. ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலை மட்டும் கொடுத்துச் சமாளிக்க முடியாது, அதில் சத்து போதாது. இரை கூடினால் நீர் கெடும் என்பதால், வாரந்தோறும் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு நீரை மாற்றுங்கள்.

கையால் இரை கொடுக்காமலே இந்த மீன் பிழைக்கும் தொட்டி உண்டா என்றால், உண்டு. ஆனால் அது 400 லிட்டருக்குக் குறையாததாக, ஓராண்டுக்கு மேல் ஓடியதாக, மெல்லிய மணல் ஆழமாக உள்ளதாக, கீழே சம்ப்பில் (நீரை வடிகட்டும் துணைத் தொட்டியில்) பாசி வளர்த்து நுண்ணிறால் பெருக இடம் விட்டதாக, மணல் நட்சத்திரமீனோ மாண்டரின் மீனோ போல அதே இரைக்குப் போட்டியிடும் உயிர் எதுவும் இல்லாததாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கையால் இரை கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் தொட்டி அந்த வகையில் சேராது என்பதை வருத்தத்துடன்தான் எழுதுகிறேன்.

பாறைகளைத் தொட்டியின் அடித்தளத்தில் நேரடியாக நிறுத்தி, பிறகு மணலைப் பரப்புங்கள். மணல்மேல் அடுக்கினால் மீன் அடியில் தோண்டிச் சரித்துவிடும். மூடியில் இடைவெளி இருக்கக் கூடாது, இது துள்ளி வெளியே விழும் மீன்.

தலைக்குப் பின்னால் முதுகு கத்தி முனைபோல மெலிந்திருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். அப்படியிருந்தும் இரையைக் கண்டதும் பாய்ந்து வந்தால் தேற வாய்ப்பு உண்டு. மூன்று வாரம் இப்படி ஊட்டியும் வயிறு உப்பவில்லையானால், 20 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய இந்த மீனைப் பெரிய, பழைய தொட்டி வைத்திருப்பவர் எவருக்கேனும் கொடுத்துவிடுங்கள். கடைக்குத் திருப்பித் தராதீர்கள்.