இரண்டு செல்களுக்கு நடுவே – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு மாதமாக வயிற்று உப்புசம். சாப்பிட்ட ஒரு மணிநேரத்தில் வயிறு பானைபோல் ஆகிவிடுகிறது. குடல் செல்களை ஒட்டிவைத்திருக்கும் புரதப் பசை கரைந்து, நச்சு ரத்தத்தில் கசிவதுதான் காரணம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். லீக்கி கட் என்கிறார்கள். ஸொனுலின் பரிசோதனை செய்துகொண்டேன். அதிகம் என்று வந்தது. அந்தப் பசையைத் திரும்ப உருவாக்கி ஓட்டையை அடைக்கும் பொடி ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா? இன்னொன்று: பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சேரும் இடத்தை டைட் ஜங்ஷன் என்று அப்படியே எழுதுகிறீர்களே, தமிழில் சொல்லக்கூடாதா?

கே.

அன்புள்ள கே.,

பொடி வாங்கலாமா என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. பழைய ஆய்வக நோட்டு ஒன்றைத் தூக்கிப் போடுவதா வேண்டாமா என்று புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் மூன்று வாரத்துக்கு ஒரே எண்தான், சிவப்பு மையில் அடித்து அடித்து எழுதியிருக்கிறது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். 'இறுக்கச் சந்திப்பு' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடித்தால் தாராளமாக எழுதுங்கள். ஸொனுலின் விஷயம்: குடல் செல்களின் இடைவெளியைத் தளர்த்தும் ஒரு புரதத்துக்கு 2000-இல் வைத்த பெயர் அது. ஆனால் பரவலாக விற்கும் சோதனைக் கிட் அந்தப் புரதத்தை அளப்பதே இல்லை என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டிவிட்டது. வேறெதையோ அளந்து உங்களுக்கு ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள்.

என் கோபம் பசையின் மேல்தான். படித்தவர், நான்கு மாதமாக வலைத்தளங்களைத் துருவியவர், கடைசியில் 'பசை கரைந்தது, ஓட்டை விழுந்தது, அடைக்கணும்' என்று வந்து நிற்கிறீர்களே! குடல் என்ன, பஞ்சரான சைக்கிள் ட்யூபா?

குடலின் உள்பக்கம் செல்கள் ஒற்றை வரிசையாக நிற்கின்றன. பக்கத்துச் செல்லோடு ஒவ்வொன்றும் மூன்று இடத்தில் கை கோத்திருக்கிறது. உச்சியில் டைட் ஜங்ஷன். அதற்கு அடியில் அரைஞாண் கயிறுபோல் செல்லைச் சுற்றி ஓடும் ஒரு வளையம். அதற்கும் கீழே சட்டைப் பொத்தான்போல் ஆங்காங்கே டெஸ்மோசோம்கள். 1963-இல் ஃபார்க்குவார், பலாடி என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் இந்த வரிசையைக் காட்டினார்கள். பிடித்து நிறுத்துகிற வேலை பெரும்பாலும் கீழே உள்ள இரண்டுக்கும்தான். அங்கே இருப்பவை கேட்ஹெரின் குடும்பத்துப் புரதங்கள். கால்சியம் இல்லாவிட்டால் அவற்றால் பிடிக்க முடியாது. காணொளிக்காரர் பசை என்று சொல்வது உச்சியில் இருப்பதை. அதன் வேலையே வேறு: செல்களின் நடுவே எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்ப்பது.

நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது எம்டிசிகே என்ற செல்களை வளர்த்தேன். 1958-இல் மேடினும் டார்பியும் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்தில் இருந்து எடுத்த செல்வழி. அந்த நாய் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அதன் செல்கள் இன்னும் உலகம் முழுக்கப் பெருகிக்கொண்டிருக்கின்றன. குப்பியின் அடியில் அவை நெருங்கி நிரம்பியதும் தரையில் பதித்த ஓடுகள்போல் இருக்கும். இரண்டொரு நாளில் அந்தத் தளம் அங்கங்கே கொப்புளமாக மேலெழும்பும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது கிருமி புகுந்துவிட்டது என்று பயந்து குப்பியைக் கொட்டப் போனேன். பக்கத்து மேசை அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். செல்கள் உப்பையும் நீரையும் தமக்கு அடியில் இறைக்கின்றன. இடைவெளிகள் இறுகியிருப்பதால் அந்த நீர் எளிதில் திரும்பி மேலே வர முடியாமல் தளத்தைத் தூக்குகிறது. நான் கொட்டப் போனது நன்றாக இருந்த குப்பியை.

கால்சியத்தை எடுத்துவிட்டால் ஓடுகள் பிரியும், செல்கள் உருண்டையாகச் சுருங்கும், நடுவில் வெற்றிடம் தெரியும். திரும்பக் கால்சியம் ஊற்றினால் சில மணிநேரத்தில் ஒன்றை ஒன்று தேடிப் பிடித்துக்கொள்ளும். அதைப் பார்க்கவே இரவு ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பேன்.

சரி, சிவப்பு மைக்கு வருவோம். இறுக்கத்தை அளக்க, சவ்வு அடித்தளம் உள்ள சிறு கிண்ணங்களில் செல்களை வளர்த்து, இரண்டு குச்சிபோன்ற மின்முனையை மேலும் கீழுமாக நனைத்து மின்தடையைப் பார்ப்போம். இறுகினால் எண் ஏறணும். எனக்கு மூன்று வாரம் ஏறவே இல்லை. செல்கள் வளரும் ஊட்டக் கரைசலை மாற்றினேன், அதில் சேர்க்கும் சீரத்தை மாற்றினேன், செல்களைத் திட்டினேன். வழிகாட்டி ஒருநாள் வந்து நுண்ணோக்கியில் கிண்ணம் கிண்ணமாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரே இடத்தில் ஒரு கீறல். குச்சியை வைக்கும்போது என் கை தளத்தைக் கிழித்திருக்கிறது. "ஓட்டை செல்லில் இல்லைம்மா, உன் கையில் இருக்கு" என்றார். அளக்கிற கையே ஓட்டை போடும் என்று அன்று தெரிந்துகொண்டதால்தான், உங்கள் பரிசோதனைத் தாளைப் பற்றி அவ்வளவு சுருக்கமாக முடித்தேன்.

டைட் ஜங்ஷன் புரதங்களின் கதையிலும் இப்படி ஓர் இடறல் உண்டு. 1993-இல் ஷோய்ச்சிரோ ட்சுகிதாவின் குழு ஜப்பானில் கோழி ஈரலில் இருந்து ஒக்லூடின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. பெயரே அடைப்பான் என்ற பொருளில். எல்லோரும் ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைத்தார்கள். 1998-இல் அதே குழு ஒக்லூடின் இல்லாத செல்களை உருவாக்கிப் பார்த்தால், டைட் ஜங்ஷன் பாட்டுக்கு அழகாக அமைந்திருக்கிறது! தாம் வைத்த பெயரைத் தாமே சந்தேகித்து, அதே கோழி ஈரலுக்குத் திரும்பிப்போய் அந்த ஆண்டே கிளாடின்கள் என்ற வேறு புரதங்களைப் பிடித்தார்கள். எனக்கு இந்தக் குழுவின் மேல் தனி மரியாதை உண்டு. ட்சுகிதா 2005-இல், ஐம்பத்திரண்டு வயதில், போய்விட்டார்.

கிளாடின் என்றாலும் மூடுவது என்றுதான் பொருள், லத்தீனில். இங்கேதான் நீங்கள் கவனிக்கணும். பாலூட்டிகளில் இருபதுக்கும் மேற்பட்ட கிளாடின்கள் உண்டு, எல்லாம் மூடுவதில்லை. எம்டிசிகே-யில் இரண்டு ரகம்: ஒன்று கெட்டி இறுக்கம், இன்னொன்று தளர்வு. தளர்வான ரகத்தில் கிளாடின்-2 உண்டு, இறுக்கமானதில் இல்லை. 2001-இல் இறுக்கமான ரகத்துக்குள் கிளாடின்-2-ஐப் புகுத்தினார்கள். மின்தடை மளமளவென்று சரிந்து தளர்வான ரகத்தின் அளவுக்கே வந்தது. இன்னொரு ஜங்ஷன் புரதத்தைச் சேர்த்தார்கள், இறுக்கம் குறைந்தது! உங்கள் பசைக் கணக்கில் இதை எங்கே வைப்பீர்கள்?

கிளாடின்-2 ஒரு துளை. சோடியம் மாதிரிச் சிறிய நேர்மின் அயனிகளையும் நீரையும் விடும், பெரியதை விடாது. கிளாடின்-1 வேறு ஆள். அது இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் தோல் வழியே நீர் போய் ஒரே நாளில் செத்தன. சிறுநீரகத்தில் கிளாடின்-16 பழுதானவர்களுக்கு மக்னீசியம் சிறுநீரில் போய்விடுகிறது. திரும்ப ரத்தத்துக்கு வரவேண்டிய வழி கெட்டுப்போனதால். அங்கே நோயே, கசியவேண்டியது கசியாததுதான்.

இன்னும் உங்கள் வயிற்றுக்குப் பக்கமாக வருகிறேன். கிளாடின்-2, கிளாடின்-15 இரண்டும் இல்லாத எலிகளை 2013-இல் ஆராய்ந்தார்கள். குடல் இன்னும் இறுக்கம், ஓட்டை இன்னும் குறைவு, காணொளிக்காரரின் கனவுக் குடல். அந்த எலிகள் ஊட்டம் சேராமல் குட்டிப் பருவத்திலேயே செத்துப்போயின. குளுக்கோஸை உள்ளே இழுக்கச் சோடியம் கூட வேண்டும். அந்தச் சோடியம் செல்களின் நடுவே கசிந்து குடலுக்குள் திரும்ப வந்தாகணும். அந்த வழியை அடைத்தால் சாப்பாடு முன்னால் இருந்தும் பட்டினி. உங்கள் குடல் கசிவதால்தான் நீங்கள் உயிரோடு இருந்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள், கே.

குடல் அழற்சி நோய்களிலும், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயிலும் இந்த இடைவெளிகள் தளர்வது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் பசை ஒன்றும் கரைவதில்லை. எந்தக் கிளாடின் எவ்வளவு என்ற கணக்கு மாறுகிறது. செல்லுக்கு உள்ளே ஆக்டின், மயோசின் என்ற இழுக்கும் புரதங்கள் வளையத்தை இழுக்கின்றன. அது வேலை செய்யும் தசைபோல, காய்ந்துபோன கோந்துபோல அல்ல.

பொடியை மறந்துவிட்டேன். விழுங்கும் புரதம் குடலில் செரித்துத் துண்டாகிவிடும். இரண்டு செல்லின் நடுவே போய் உட்காராது. அந்தச் செல்களே நாலைந்து நாளில் உதிர்ந்து புதியவை வந்துவிடுகின்றன, தமக்கு வேண்டிய கிளாடினைத் தாமே செய்துகொள்கின்றன.

நான்கு மாத உப்புசம் விளையாட்டு இல்லை. கோபமாக எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே ஒரு குடல் மருத்துவரைப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பொடி வாங்கினீர்களா என்று மட்டும் எழுதவேண்டாம்.