அரைக் கூடை சாளை

கேள்வி: நானும் மச்சானும் சின்ன பைபர் வள்ளம் வைத்திருக்கிறோம், எஞ்சின் 9.9 குதிரைத்திறன். இறகுத் தூண்டிலை இழுத்துக்கொண்டு ஓடினால் சின்னச் சூரைதான் விழுகிறது. கேரை, அதுதான் மஞ்சள் துடுப்புச் சூரை, கண்முன்னே துள்ளுகிறது, தூண்டிலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பொழியூர்க்காரர் ஒருவர் சொன்னாரென்று சாளையை வெட்டி இறைத்தோம். அரைக் கூடையையும் தின்றுவிட்டுப் போய்விட்டது. எங்கே தப்பு, அண்ணே?
— வாசகர், நீரோடி

பதில்: அரைக் கூடையா! தம்பி, நீங்கள் மீன் பிடிக்கப் போகவில்லை, பந்தி வைக்கப் போயிருக்கிறீர்கள்.

முதலில் இழுவை. கூட்டத்துக்கு நடுவே வள்ளத்தை விட்டிருப்பீர்கள். நானும் இளவட்டத்தில் அப்படி விட்டு மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். எஞ்சின் தலைக்கு மேல் வந்தால் மீன் முங்கிவிடும். கூட்டத்துக்கு மேலே பறக்கிற ஆலாப் பறவைகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்து, ஓரமாகவே சுற்றி முன்னால் போய், தூண்டில் மட்டும் கூட்டத்துக்குள் போகிற மாதிரி வளையுங்கள். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம் போதும். ஒரு கயிறு 15 பாகம் (இரு கையை விரித்த நீளம் ஒரு பாகம்), இன்னொன்று 25 பாகம் என்று நீளத்தை மாற்றி விடுங்கள்.

அப்புறம் துண்டு. சாளையைக் குறுக்கே கட்டைவிரல் அளவு வெட்டுங்கள். எஞ்சின் நிற்கட்டும், வள்ளம் நீரோட்டத்தோடு ஒழுகட்டும். இரண்டு துண்டு போடுங்கள். அவை கண்ணுக்கு மறைந்த பிறகு அடுத்த இரண்டு. மணம் பிடித்து வரவேண்டும், வயிறு நிறையக் கூடாது. இருவரில் கஞ்சக் கை யாருக்கோ அவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். எங்கள் வள்ளத்தில் அது என் தம்பி. டீக்குக்கூட காசு எடுக்காதவன்.

தூண்டிலில் ஈயம் கட்டியிருந்தீர்களா? கட்டியிருந்தால் அதுதான் தப்பு. இறைத்த துண்டுகள் ஆடி ஆடி இறங்கும்போது ஈயம் கட்டியது மட்டும் சட்டென்று அடிக்குப் போகும். தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் நூல், இறுகினாலோ, மற்றவை இறங்க உங்கள் துண்டு மட்டும் நடுவில் நிற்கும். கேரைக்குக் கண் கூர்மை. ஈயத்தைக் கழற்றுங்கள். தூண்டில் முள்ளைச் சாளைத் துண்டுக்குள் முழுக்க மறைத்து, இறைக்கும் இரண்டோடு மூன்றாவதாகப் போடுங்கள். அந்த இரண்டும் இறங்குகிற வேகத்துக்குத் தங்கூசியை உருவி உருவி விட்டுக்கொண்டே இருங்கள், துளிகூட இழுபடக் கூடாது. முப்பது பாகம் போயும் கடிக்கவில்லையா, இழுத்துப் புதுத் துண்டு மாட்டுங்கள்.

கடித்தால் தங்கூசி திடீரென்று பறக்கும். அதைக் கையில் சுற்றாதீர்கள். நான் ஒருநாள் சுற்றினேன். வலது சுட்டுவிரல் இன்றும் முழுசாக மடங்காது. சைக்கிள் டியூபை வெட்டி விரலில் மாட்டிக்கொள்ளுங்கள். சுருளுக்குள் கால் வைக்காமல் நில்லுங்கள்.

லட்சத்தீவின் மினிக்காயில் உயிருள்ள சின்ன மீனை இறைத்து, தண்ணீரையும் தெளித்து, வரிச்சூரையைக் கம்பில் கட்டிய தூண்டிலால் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். அங்கேயும் கூட்டத்தைப் பசியோடு வள்ளத்தருகில் நிறுத்துவதுதான் சூட்சுமம்.

கேள்வி: சூரைக் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து தலை வலித்தது. மகளுக்கும் அப்படியே. எங்களுக்குச் சூரை ஒத்துக்கொள்ளாதோ?
— வாசகி, பாறசாலை

பதில்: இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்தால் நான் மீனைத்தான் சந்தேகப்படுவேன், அம்மா. ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையில் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. நாற்றமும் வராமல் இருக்கலாம். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐஸில் கிடக்கிற மீனாகப் பார்த்து வாங்குங்கள்.

நீரோடித் தம்பியும் இதைப் படிக்கட்டும். போராடி வந்த கேரையைத் தொட்டால் உடம்பு சூடாக இருக்கும். செவுளருகே கீறி ரத்தத்தை வடியவிட்டு, குடலெடுத்து, ஐஸ் போட்ட கடல்நீரில் முக்குங்கள். அந்த அரைக் கூடை சாளைக் காசுக்கு ஐஸ் வாங்கியிருக்கலாம்.