பேரணிக்கு வைத்த பணத்தில் மைதானத்துக்கு விளக்குப் போடுங்கள்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி எங்களுடையது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் சாயங்காலம் ஆனால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பையன்கள் கூடுகிறார்கள். கூல் லிப் புகையிலை, பீர் என்று இருந்தது இப்போது மாத்திரை வரை வந்துவிட்டது. போன வாரம் இரண்டு பேர் மாத்திரையோடு பிடிபட்டார்கள். கம்பத்தில் கட்டி வைத்துப் போலீசில் ஒப்படைக்கலாம் என்கிறார்கள் சிலர். எங்கள் இளைஞர் நற்பணி மன்றத்தில் பேரணியும் டாக்டர் பேச்சும் நடத்த 15,000 ரூபாய் வசூலித்திருக்கிறோம். இது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த இரண்டு பையன்களின் விஷயம்தான் அவசரம். கம்பத்தில் கட்டுவது குற்றம். வாட்ஸ்அப்பில் படம் போடுவதும் வேண்டாம். ஒருவனை ஊர் முன்னால் அவமானப்படுத்தினால், மாத்திரை போடும் மற்ற பையன்கள் இன்னும் இருட்டான இடம் தேடிப் போவார்கள். பெற்றோரும் வெளியே சொல்ல மாட்டார்கள். மன்றத்தில் நிதானமாகப் பேசத் தெரிந்த இருவர் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள். என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது, விழுங்கினானா, கரைத்து ஊசியில் ஏற்றினானா என்பவை தெரிய வேண்டும். மாத்திரை அட்டை கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். டாக்டருக்கு அதுதான் முதல் தகவல்.

டேபெண்டடால் போன்ற வலி மாத்திரையைத் தினமும் போட்டவன் நிறுத்தியதும் கொட்டாவி, மூக்கொழுகல், கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வரும். வீட்டில் பூட்டி வைத்தால் தீராது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். வழி கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது. ஊசி போட்டிருந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி தொற்றுக்கான பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். கேஸ் ஆகிவிடும் என்று பெற்றோர் பயந்தால் ஒன்று சொல்லுங்கள்: சிறிய அளவோடு சிக்கிய போதை அடிமை தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து பாதுகாப்புத் தர 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இருக்கிறது. தனியார் மறுவாழ்வு இல்லம் என்றால் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவனைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது, வீட்டார் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். இதற்கு ஒத்துவராத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

அடுத்து, பேரணி. வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரு நாள் பேச்சும், அழுகிய நுரையீரல் படமும் பழக்கத்தைத் தடுப்பதில்லை. இது பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்த விஷயம். ஐம்பது வயதில் வரும் நோய் பதினாறு வயதுக்காரனைப் பயமுறுத்தாது. மாத்திரைகளை மேடையில் வரிசையாகக் காட்டினால் தெரியாதவனுக்கும் பெயர் தெரிந்துவிடும். "ஊரே கெட்டுப்போச்சு" என்று மைக்கில் சொன்னால், எல்லாரும் போடுகிறார்கள் போல என்று பையன் நினைப்பான். பெரும்பாலானவர்கள் போடுவதில்லை என்பதுதான் உண்மை. அதை அடிக்கடி சொல்லுங்கள்.

ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையாகியிருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். பள்ளி விட்ட பிறகான நேரத்தைப் பயிற்சியாளர் உள்ள விளையாட்டும் இசையும் எடுத்துக்கொண்டன. பெற்றோர் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, ராத்திரி தெருவில் நடந்து பார்த்தார்கள். அது பணக்கார நாடு, அரசே செலவு செய்தது. ஆனாலும் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை பையன்கள் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்ற அடிப்படை உங்கள் மைதானத்துக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு வாரம் காலையில் மைதானத்தைச் சுற்றிப் பாருங்கள். கூல் லிப் டப்பாவா, மாத்திரை அட்டையா, ஊசியா, பஞ்சர் சொலூஷன் டியூபும் பாலிதீன் பையுமா? எது எங்கே கிடந்தது என்று குறித்து வையுங்கள். ஊசியைக் கையால் எடுக்காதீர்கள். இடுக்கியால் எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். சொலூஷன் முகர்ந்துகொண்டிருக்கும் பையனைப் பார்த்தால் துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள். அந்த நேரத்தில் திடுக்கிட்டு ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். மெதுவாகப் பேசி உட்கார வையுங்கள். 2019-இல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் விகிதத்தில் அதிகமாக இருந்த ஒரே போதை இந்த முகரும் போதைதான்.

பிறகு அந்த 15,000-ஐச் செலவழியுங்கள். தொட்டிக்குப் பின்னால் உள்ள கருவேலம் புதரை வெட்டுங்கள். தெருவிளக்குக்குச் செயல் அலுவலரிடம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 18க்கு 9 மீட்டரில் வாலிபால் களம், ஒரு வலை, இரண்டு பந்து, இரண்டு எல்.இ.டி. விளக்கு. களம் மட்டும் போட்டுவிட்டு வந்துவிட்டால் மூத்த பையன்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள், ஜெயித்த அன்றைக்கு பீர் வரும். தினமும் இரண்டு பெரியவர்கள் முறைவைத்து அங்கே இருந்தாக வேண்டும். இதில்தான் பல ஊர்கள் இரண்டாவது மாதத்தில் தளர்ந்துபோகின்றன. ஆள் குறைவு என்றால் வாரம் நான்கு நாள் நடத்துங்கள், ஆனால் அந்த நான்கு நாளும் தவறக் கூடாது. விளையாட்டில் ஆர்வமில்லாத பையனுக்குப் பறையோ கேரமோ ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோரைக் கூட்டி, வீடு திரும்பும் நேரம் எல்லா வீட்டிலும் எட்டு மணி என்று முடிவு செய்யுங்கள். "அவன் வீட்ல மட்டும் விடுறாங்க" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

விற்கிறவனிடம் நீங்கள் நேரே மோத வேண்டாம். நேரம், இடம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்து, மதுவிலக்குப் போலீசின் இலவச எண்ணான 10581-க்குச் சொல்லுங்கள். சீட்டு இல்லாமல் மாத்திரை தரும் மெடிக்கல் ஷாப் என்றால் மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. பல பையன்களுக்கு முதல் பீர் கோயில் பொங்கலுக்கு பேனர் கட்டிய ராத்திரி அண்ணன்மார் கையால்தான் கிடைக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 77-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். மன்றத்துக்கும் இது பொருந்தும். பங்குனிப் பொங்கலுக்கு முன்பே தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பேனர் கட்டும் தம்பிகளுக்கு அன்றைக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து, பத்து மணிக்குள் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்.