வழுக்கும் ஏற்றத்தில் பின்சக்கரம் ஏன் வெறுமனே சுற்றுகிறது?

கேள்வி: குன்னூர் பக்கம் மழை விட்டதும் எஸ்டேட் பாதைகளில் மவுண்டன் பைக் (மலைப்பாதைச் சைக்கிள்) ஓட்டுகிறேன். செங்குத்தான இடத்தில் வேரோ கல்லோ வந்தால் பின்சக்கரம் வெறுமனே சுற்றி வண்டி நின்றுவிடுகிறது. காலில் வலு போதவில்லையா?

வலு போதாமல் இல்லை. வலுவை எந்த நொடியில் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல்.

பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு தடவை, அதாவது மிதிகட்டை கிடைமட்டமாக வரும்போதெல்லாம், டயருக்கு விசை எகிறும். காய்ந்த மண் அதைத் தாங்கிக்கொள்ளும். ஈர வேர் தாங்காது. அதனால் ஏற்றத்தில் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: பின் டயரின் மேல் உடல் எடை இருக்க வேண்டும், டயர் வழுக்கும் பொருளின் மேல் இருக்கும்போது அழுத்தி மிதிக்கக் கூடாது.

எடைக்கு முதல் வழி, எழுந்து நிற்காமல் உட்கார்ந்தே ஏறுவது. எழுந்தால் பின்சக்கரம் லேசாகிவிடும். ‘முன்னால் சாய்ந்துகொள்’ என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதி உண்மை. சீட்டின் மூக்குக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கிக் கீழே இறக்கி, நெஞ்சை ஹேண்டில்பாரை நோக்கித் தாழ்த்துங்கள். முன்சக்கரம் தூக்கினால் இன்னும் கொஞ்சம் முன்னே, பின்சக்கரம் சுற்றினால் கொஞ்சம் பின்னே. இந்த இரண்டுக்கும் நடுவே ஓரிரு அங்குலம்தான் இடம் இருக்கும்.

கியரில் நிறையப் பேர் செய்வது, ஏற்றத்தைப் பார்த்ததும் 50, 51 பல் உள்ள ஆகப் பெரிய பின் பல்சக்கரத்துக்குத் தாவுவது. அந்தக் கியரில் காலின் சின்ன உதைகூட டயரில் பெரிதாகிப் போய்ச் சேரும், சக்கரம் சறுக்கும். வேரைத் தாண்டும் அளவுக்கு வேகமும் இருக்காது. மூச்சு வாங்கினாலும் அதைவிட ஒன்றிரண்டு படி சின்னப் பல்சக்கரத்திலேயே வையுங்கள். மாற்றுவதை ஏற்றம் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள், நடுவில் மாற்றினால் செயின் முறுமுறுக்கும்.

காற்றையும் பாருங்கள். ரோட்டுக்கு அடிப்பதுபோல் கல்லாக அடித்து வைத்தால் எந்த உத்தியும் உதவாது. எழுபது கிலோ ஆள், 2.3 அங்குல டியூப்லெஸ் டயர் என்றால் பின்னால் 22 பிஎஸ்ஐ அளவில் தொடங்கிப் பார்க்கலாம். உள்ளே டியூப் இருந்தால் அவ்வளவு இறக்காதீர்கள், கல்லில் மோதி டியூப் நசுங்கிப் பஞ்சராகும். பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் வேர் நிறைந்த ஏற்றத்தில் அதை லாக் செய்ய (அசையாமல் பூட்ட) வேண்டாம்.

இப்போது வேர். அதற்கு முன்னால் நல்ல மண் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கேயே இரண்டு மூன்று மிதி அழுத்தி வேகம் சேர்த்துக்கொள்ளுங்கள். வேர் அருகே வந்ததும் அரை மிதியோடு ஹேண்டில்பாரை லேசாக மேலே எடுங்கள். முன்சக்கரத்தை உயரத் தூக்கி ஓட்டும் ‘வீலி’ எல்லாம் தேவையில்லை, டயர் வேரில் முட்டாமல் இருந்தால் போதும். முன்சக்கரம் தாண்டியதும் உடலை முன்னே தள்ளி, சீட்டிலிருந்து நூலளவு எழும்புங்கள். பின்சக்கரம் வேரின் மேல் ஏறும் அந்தக் கணத்தில் மிதிக்காதீர்கள், வண்டி தன் வேகத்திலேயே உருளட்டும். டயர் மறுபக்க மண்ணைத் தொட்டதும் உட்கார்ந்து மெதுவாக அழுத்துங்கள். மிதிப்பை நிறுத்தப் பயமாக இருக்கும். ஆனால் அங்கே மிதிப்பதால்தான் வண்டி நிற்கிறது.

வேரைக் குறுக்காக, செங்கோணத்தில் கடந்து செல்லுங்கள். பாதையோடு சாய்வாக ஓடும் வேர்தான் ஆளைத் தள்ளிவிடும். நம்ம ஊரில் அதைவிட மோசம், கற்பூர மரத்தடியில் (யூகலிப்டஸ்) நனைந்து கிடக்கும் இலையும் உரிந்த பட்டையும். அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. முடிந்தால் அந்த ஓரத்தையே விட்டுவிடுங்கள். கல் நெருக்கத்தில் பெடல் இடிக்கும் என்றால் முழுச் சுற்று சுற்றாமல், அரை மிதி முன்னே, உடனே பின்னே, மறுபடி அரை மிதி என்று போகலாம்.

களிமண் டயரில் அப்பிக்கொண்டால் மட்டும் வீம்பு வேண்டாம், இறங்கித் தள்ளுங்கள். 2021-இல் ஜப்பானின் இசுவில் மழைக்குப் பின் நடந்த பெண்கள் ஒலிம்பிக் மவுண்டன் பைக் பந்தயத்தில், உலகின் தலைசிறந்த வீராங்கனைகளே வழுக்கும் ஏற்றங்களில் இறங்கி ஓடினார்கள். (பாதை காப்புக்காட்டுக்குள் போனால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.)

நடு ஏற்றத்தில் நின்றுவிட்டால் நேர்மேலாகக் கிளம்பப் பார்க்காதீர்கள். வண்டியைப் பாதைக்குக் குறுக்காகச் சாய்த்து நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். மேட்டுப் பக்கக் கால் தரையில் இருக்கட்டும். இன்னொரு காலின் பெடல் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். பிரேக்கை விடுவதும் மிதிப்பதும் ஒன்றாக நடக்கட்டும், இரண்டு சுற்று போன பிறகு ஹேண்டிலை மேலே திருப்புங்கள். இதை முதலில் காய்ந்த பாதையில் பழகிவிட்டு, அப்புறம் மழையில் போங்கள்.